ஆளில்லாத் தீவிலை சீர்திருத்தப் பாடசாலைப் பொடியள்: எது முதலிலை பிழையாய்ப் போகும்?

கூத்துக்கொட்டகை
வானொலி நாடகம் ஒண்டுக்கு விபரம் வேணும். களம் இதுதான்: 1964 மார்கழிப் புயல். யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்குத் தெற்கை ஒரு கற்பனைத் தீவு, அதிலை அரசாங்கச் சீர்திருத்தப் பாடசாலை. பொடியள் 20 பேர், வயசு 10 முதல் 16. பெரியாக்கள் நாலு பேரும் வள்ளத்தைக் காப்பாற்றப் போய்க் கடலோடை போயிட்டினம். ஓட்டுக் கட்டடம் ஒண்டு, கிணறு இரண்டு, சீமெந்துத் தொட்டி ஒண்டு, களஞ்சிய அறை, பனங்கூடல், கொஞ்ச ஆடு. ஆளையாள் அடிச்சுச் சாகிற கதை எனக்கு வேண்டாம், அது எழுதி எழுதித் தேஞ்சுபோச்சு. உண்மையிலை என்ன நடக்கும்?

துலாக்கால்
முதல் தண்ணி, பேந்துதான் மற்றதெல்லாம்.

தீவுகளிலை மழைத்தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளை இறங்கி, பாரம் கூடின உப்புத்தண்ணிக்கு மேலை மிதந்துகொண்டு நிற்குது. கடல் மட்டத்துக்கு மேலை நல்ல தண்ணி 1 அடி நிண்டால் அதுக்குக் கீழை ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். மறுபக்கமும் அதே கணக்குத்தான்: இறைச்சு 1 அடி இறக்கினால் அடியிலை கிடக்கிற உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். ஒரு நாளிலை ஏறாது. ஆனால் ஏறினது இறங்க அடுத்த மாரி வரவேணும்.

புயலோடை கடல் ஏறினால் கிணறு இரண்டும் உப்பு. பொடியள் உடனை என்ன செய்வாங்கள்? வாளியைப் போட்டு அடிமட்டும் இறைச்சுத் துப்புரவாக்குவாங்கள். நல்ல பிள்ளையளாய் வேலை செய்துதான் கிணற்றைக் கெடுப்பாங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரக் கிணறுகளைப் பம்ப் வைச்சுத் திரும்பத் திரும்ப இறைச்ச இடங்களிலை உப்புக் கூடினதைக் கண்டது. செய்யவேண்டியது வேறை: செத்த ஆடு, ஓலை, சேறு எல்லாத்தையும் எடுத்துப்போட்டுக் கிணற்றை மழைக்கு விடவேணும். பாத்திரம் கழுவ, கால் கழுவ மட்டும் அதிலை அள்ளலாம்.

குடிக்கப் பூவல், அதாவது மணலிலை ஆழமில்லாத ஊற்றுக்குழி, தோண்டவேணும். கடல் ஏறாத ஆக உயர்ந்த மணல்திட்டியைத் தெரிஞ்செடுத்து, 3 அல்லது 4 அடி. ஈரம் ஊறத் தொடங்கின உடனை நிற்பாட்டவேணும். இன்னும் ஆழமாய்க் கிண்டினால் கூட வரும் எண்டு ஒருத்தன் கட்டாயம் சொல்லுவான். கூட வாறது உப்பு. இரவு ஊற விட்டு, விடியச் சிரட்டையாலை மேல்தண்ணியை மட்டும் அள்ளுறது. வாய்க்கு உப்புத் தட்டினால் அதை மூடிப்போட்டு முப்பது காலடி தள்ளி இன்னொண்டு.

20 பேருக்குக் குடிக்க, சமைக்க ஆளுக்கு 5 லீற்றர் வைச்சால் நாளுக்கு 100 லீற்றர். 1964இலை ஆரும் லீற்றர் எண்டு கதைக்கேல்லை. மண்ணெண்ணெய்த் தகரம் ஒண்டு 4 கலன் பிடிக்கும், அதாலை ஐஞ்சரைத் தகரம் எண்டு எழுதுங்கோ.

இப்ப கூரை. 20 மீற்றருக்கு 8 மீற்றர் கூரை எண்டால் 160 சதுர மீற்றர். 1 மில்லிமீற்றர் மழை 1 சதுர மீற்றரிலை 1 லீற்றர் தரும். 50 மில்லிமீற்றர் மழைக்கு 8000, சிந்தினது போக 6400 லீற்றர், அதாவது 64 நாளுக்குக் காணும். ஆனால் தொட்டி அதைப் பிடிக்கவேணும்: 2 மீற்றருக்கு 2 மீற்றர், ஒண்டரை மீற்றர் ஆழம் எண்டால் 6000 லீற்றர். புயல் பாதி ஓடுகளையும் கூரைத்தண்ணி வடியிற பீலியையும் கொண்டு போயிருக்கும். இரண்டு பக்கமும் பொத்தல் அடைக்க வெளிக்கிட்டால் ஒண்டும் சரிவராது. உடையாத ஓடெல்லாம் பொறுக்கி ஒரு பக்கக் கூரையை முழுசாக்கவேணும். பனங்குற்றியைப் பிளந்து உள்ளுக்கிருக்கிற மெதுவான பாகத்தைக் கொத்தி எடுத்தால் பீலி. முதல் மழையைத் தொட்டிக்குள்ளை விடப்படாது, ஓட்டிலை காய்ஞ்ச கடலுப்பும் காக்கை எச்சமும் அதோடைதான் வரும்.

உங்கடை நாடகத்தின்ரை முடிச்சு இதிலைதான் கிடக்கு. புயல் அடிச்சது மார்கழி 22, 23. மாரி முடியிற நேரம். தைக்குப் பிறகு புரட்டாசி வரைக்கும் பெரிசாய் மழை இல்லை, சித்திரையிலை கொஞ்சம் இடிமழை. முதல் பத்து நாளுக்குள்ளை பீலி கட்டாட்டில் பங்குனியிலை கதை முடிஞ்சுது.

வாடைக்காற்று
கடல் தண்ணியைக் காய்ச்சி வடிக்கேலாதோ? சீர்திருத்தப் பாடசாலை எண்டால் கசிப்பு வடிக்கிற வித்தை தெரிஞ்சவன் ஒருத்தனாவது இருப்பான்.

துலாக்கால்
இருப்பான். விறகுதான் இராது. திறந்த அடுப்பிலை 1 லீற்றர் தண்ணியை முழுசாய் ஆவியாக்க நல்லாய்க் காய்ஞ்ச விறகு ஒண்டரைக் கிலோ மட்டிலை போகும். கிடாரத்தின்ரை மூடி இடுக்காலை போற ஆவியையும் சேர்த்தால் இரண்டு கிலோ. ஆளுக்கு இரண்டு லீற்றர் குடிக்க 40 லீற்றர், நாளுக்கு 80 கிலோ விறகு. வெட்டி இழுக்கிற பொடியன் வேர்த்துப் போடுற தண்ணியையும் கணக்கிலை எடுங்கோ. காய்ச்சல்காரனுக்கு இரண்டு போத்தல் வடிக்கலாம், அவ்வளவுதான்.

பனங்கூடல்
தம்பி கொட்டகை, சாப்பாட்டுக்கு உங்கடை பொடியளுக்கு நல்ல மாசம் வாய்ச்சிருக்கு. ஆவணி, புரட்டாசியிலை பனங்கொட்டை புதைச்சுப் பாத்தி போட்டிருந்தால் மார்கழிக் கடைசி பனங்கிழங்கு கிண்டிற காலம். சீர்திருத்தப் பாடசாலையிலை தோட்ட வேலை செய்விச்சிருப்பினம், பாத்தி இருக்கும். 2000 கொட்டை புதைச்சு முக்கால்வாசி முளைச்சால் 1500 கிழங்கு. ஆளுக்கு ஐஞ்சு வீதம் 15 நாளுக்குக் காணும். பாத்திக்கு மேலாலை கடல் போயிருந்தால் கிழங்கை மண்ணுக்கை விடப்படாது, அழுகிப்போகும். உடனை கிண்டவேணும்.

அவிச்சுத் தின்னுறது போக மிச்சத்தை அவிச்சுக் காயவிட்டால் புழுக்கொடியல், பச்சையாய்ப் பிளந்து காயவிட்டால் ஒடியல். தோலை உரிச்சு, நெடுக்காய் இரண்டாய்க் கிழிச்சு, பாயிலை பரப்பி, விரலாலை வளைச்சால் டக்கெண்டு முறியுமட்டும் வெய்யில். வளைஞ்சு குடுத்தால் இன்னும் ஈரம் இருக்கு, கட்டி வைச்சால் பூஞ்சணம் பிடிக்கும். பின்நேரப் பனி படமுதல் உள்ளுக்கை எடுக்கவேணும்.

ஒடியல்மாவை அப்பிடியே கரைச்சுக் கூழ் காய்ச்சப்படாது. தண்ணியிலை ஊறவிட்டு, மா அடியிலை படிஞ்ச பிறகு மேல்தண்ணியை ஊத்தி, திரும்ப ஊறவிட்டு, கைப்புப் போகுமட்டும் இதைச் செய்யவேணும். கைப்பு நாக்குப் பிரச்சினை மட்டுமில்லை, ஊறவைக்காத மாவிலை கூடாத பொருள் இருக்கு. இப்ப துலாக்கால் சொன்ன தண்ணிக் கணக்கோடை இதைச் சேர்த்துப் பாருங்கோ. தண்ணி குறையக் குறைய உவங்கள் ஊறவைக்கிறதைத்தான் முதல் விடுவாங்கள். அதாலை அவங்களுக்குப் புழுக்கொடியல்தான் தோது. அவிக்கிற தண்ணி ஒருக்கால்தான் செலவு, பேந்து கடிச்சுத் தின்னலாம்.

அரிசி: பழைய சாக்கு மூடை ஏறத்தாழ 70 கிலோ. ஆளுக்கு நாளுக்கு 350 கிராம் எண்டால் 7 கிலோ, மூடை 10 நாள். கடல் தண்ணி பட்ட மூடையை அண்டைக்கே பிரிச்சுப் பரப்பவேணும். அடுத்த நாள் கையை விட்டுப் பார்த்தால் நடுவிலை சுடும், அதுக்கு அடுத்த நாள் நாறும். நனைஞ்சதை முதல் சமைச்சு முடிக்கிறது, உப்புப் போடாமல், காய்ஞ்ச அரிசி பாதி கலந்து. நல்ல மூடையை நிலத்திலை வைக்காமல் பலகையிலை ஏத்துறது.

மாசி, பங்குனிதான் பஞ்சம். கிழங்கு முடிஞ்சிடும், நுங்கு வைகாசி மட்டிலைதான். பனையேறத் தெரிஞ்சவன் இருந்தால் கருப்பநீர், அதுதான் பதநீர், இறக்கலாம், முட்டிக்குச் சுண்ணாம்பு பூசவேணும், இல்லாட்டில் கள்ளுத்தான். எண்டாலும் தளைநார் கட்டத் தெரியாத பொடியனைப் பனையிலை விடாதேங்கோ. விழுந்தால் அந்தத் தீவிலை ஆர் பார்க்கிறது? கீரைக்கு முருங்கை. காத்துக்கு முறிஞ்ச கொப்பை நட்டாலும் துளிர்க்கும். பச்சை இலை இரண்டு மூண்டு மாசம் உள்ளுக்கை போகாட்டில் பல் முரசிலை இரத்தம் வரத் தொடங்கும்.

ஆடு: கிடாயை முதல், பால் மறியைக் கடைசியாய். ஒரு நாளிலை 20 பேர் தின்னக்கூடியதை மட்டும் வெட்டுறது.

பறிக்கூடு
மீன் பிடிக்கிறது லேசு எண்டு கதை எழுதுறவை நினைக்கினம். எங்கடை கடலிலை வத்துப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. கல்லாலை அணை கட்டி, வத்தேக்கை மீனைப் பொறுக்கலாம் எண்டது வேறை தேசத்துக் கதை. புயலுக்குப் பிறகு வலை எல்லாம் பத்தையிலை கிழிஞ்சு கிடக்கும். கிழிஞ்ச துண்டுகளைப் பொறுக்கி, கம்பாலை கூடு கட்டி அதைச் சுத்தி, உள்ளுக்கை நண்டுக்கோது, ஆட்டுக்குடல் இரையாய் வைச்சு, கல்லுக்கட்டி இடுப்பளவு தண்ணியிலை தாழ்க்கலாம். கூட்டின்ரை வாய் உள்பக்கம் ஒடுங்கி இருக்கவேணும். வாயை அகலமாய் விட்டால் இரையைத் திண்டுபோட்டு மீன் வெளியாலை போயிடும்.

தண்ணிக்குள்ளை காலைத் தூக்கி வைக்காமல் அரைச்சு அரைச்சு நடக்கவேணும், திருக்கை விலகிப் போகும். குத்தினால் பொறுக்கக்கூடிய சுடுதண்ணியிலை காலை ஒண்டு, ஒண்டரை மணித்தியாலம் வைச்சிருக்கிறது. ஓரா மீன் முள்ளுக்கும் அதே வைத்தியம்தான். சுடுதண்ணியைக் கையாலை பார்த்துப்போட்டுக் காலை வைக்கவேணும், விறைச்ச காலுக்குச் சூடு தெரியாது, அவிஞ்சு போகும்.

பேத்தை மீனைத் தொடவே வேண்டாம். லேசாய் அம்பிடும், சதை வெள்ளையாய் இருக்கும், பசிச்ச பொடியன் விடமாட்டான். அவிச்சாலும் பொரிச்சாலும் நஞ்சு போகாது. முதல் உதடு விறைக்கும், பேந்து கை கால், பேந்து மூச்சு.

கருவாடு: குடல் எடுத்து, நடுவாலை பிளந்து, மூண்டு நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு, ஒரு நாள் அமுக்கி வைச்சு, பேந்து வெய்யில். உப்பைக் காய்ச்சி எடுக்க வெளிக்கிட்டால் ஒரு கிலோவுக்கு 30 லீற்றர் கடல் தண்ணி. விறகை வீணாக்காமல் தகரத்தட்டிலை வெய்யிலுக்கு விடச் சொல்லுங்கோ. கருவாடு தின்னத் தண்ணி கூடத் தேவை எண்டதையும் பொடியள் விளங்கவேணும். தண்ணி குறைஞ்ச நாளிலை கருவாடும் குறையவேணும்.

மருந்துப்பெட்டி
பசியிலை சாகிறதுக்கு முன்னம் வயித்தோட்டத்திலை சாவாங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் முழுக்க வெடிப்பு. மலகூடக் குழி வெள்ளத்திலை நிரம்பினால் கிணற்றுக்குப் போக அதுக்கு வழி தேவையில்லை, கல்லே வழி. புதுக்குழி கிணற்றிலையிருந்தும் பூவலிலையிருந்தும் ஆகத் தள்ளி. குடிக்கிற தண்ணி குமிழ் விட்டுக் கொதிக்கவேணும். மருந்தலுமாரியிலை கொண்டீஸ் (பொற்றாசியம் பேர்மங்கனேற்று) இருந்தால் தண்ணி ஊதாவாய் வரும், பொடியள் அதை மருந்தெண்டு நம்பிக் கொதிக்க வைக்கிறதை விட்டிடுவாங்கள். அதை நம்பேலாது.

வயித்தோட்டத்துக்கு இப்ப எண்டால் 1 லீற்றர் கொதிச்சாறின தண்ணிக்குச் சீனி மட்டமாய் 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி எண்டு எல்லாருக்கும் தெரியும். உங்கடை கதை 1964. வாயாலை குடுக்கிற அந்தக் கரைசல் வாந்திபேதிக்கு வேலை செய்யும் எண்டு டாக்காவிலை காட்டினது 1968இலைதான். ஆகவே பாத்திரங்களின்ரை வாயிலை அந்த அளவைப் போடாதேங்கோ. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித்தண்ணியைப் போடுங்கோ, ஊரிலை காலங்காலமாய்க் குடுக்கிறதுதான், நல்லாய் வேலையும் செய்யும்.

காயம்: ஓடு பொறுக்கிறவன் துருப்பிடிச்ச ஆணியிலை மிதிப்பான். கொதிச்சாறின தண்ணியாலை நிறையக் கழுவி, மூடிக் கட்டாமல் விடுறது. ஏற்பு, அதாவது ரெற்றனஸ், வந்தால் அங்கை செய்யிறதுக்கு ஒண்டுமில்லை. ஆகவே செருப்புள்ளவன் மட்டும் இடிபாட்டுக்கை போகவேணும், அல்லது ரயர்த் துண்டைக் காலிலை கட்டவேணும். பாம்பு கடிச்சால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், அசையாமல் கிடத்துறது. மஞ்சள் அலரி வேலி இருந்தால் சின்னப் பிள்ளையள் கொட்டையைப் பொறுக்கித் தின்னாமல் முதல் நாளே சொல்லி வைக்கவேணும், இதயத் துடிப்பைக் குழப்பிவிடும்.

பழைய கச்சேரி
சட்டப் பின்னணியை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க சிறுவர், இளந்தோர் கட்டளைச் சட்டம்தான் உங்கள் பாடசாலைக்கு அடிப்படை. சட்டத்தின் சொல் 'சான்றுபெற்ற பாடசாலை'. அதிகாரி வாயில் அது வரட்டும், பொடியள் வாயில் வேண்டாம்.

தீவில் சீர்திருத்தப் பாடசாலை வைப்பது கற்பனையே இல்லை. பிரான்சின் லெவான் தீவில் 1861 முதல் சிறுவர் குடியேற்றம் ஒன்று இருந்தது. 1866இல் அங்கே கலகம்; களஞ்சியம் உடைக்கப்பட்டது, வைத்த தீயில் 14 பேர் இறந்தார்கள். அதே பிரான்சின் பெல்-ஈல் தீவில் 1934 ஆகஸ்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொடியள் தப்பி ஓடினார்கள். தொடக்கம் என்ன தெரியுமா? சாப்பாட்டு மேசையில் சூப்புக்கு முன் பாற்கட்டியைக் கடித்த ஒருவனை அடித்தது. பிடித்துக் கொடுப்பவர்களுக்குத் தலைக்கு 20 பிராங்க் கொடுத்தார்கள், சுற்றுலா வந்தவர்களும் தேடினார்கள். நோர்வேயின் பாஸ்டோய் தீவில் 1915இல் நடந்த கலகத்தை அடக்க இராணுவமே போனது.

ஒன்றைக் கவனியுங்கள். மேசை, களஞ்சியம், திறப்பு. இந்தப் பொடியளுக்கு அதிகாரம் என்பது சோற்றை அளக்கும் கைதான். பெரியவர்கள் போன பிறகு முதல் சண்டை தலைவன் யார் என்பதில் வராது, களஞ்சிய அறை முன்னால்தான் வரும்.

பெரியவர்கள் இல்லாமல் பொடியள் சமாளித்த உண்மைச் சம்பவமும் இருக்கிறது. 1965இல் தொங்கா நாட்டின் விடுதிப் பாடசாலை மாணவர் ஆறு பேர் படகொன்றை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டு, எட்டு நாள் அலைந்து, ஆட்டா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். 1966 செப்ரெம்பரில் பீற்றர் வார்னர் என்ற அவுஸ்திரேலியர் கண்டெடுக்கும்வரை பதினைந்து மாதம். இரண்டிரண்டு பேராய் வேலை பிரித்தார்கள், மூட்டிய நெருப்பை அணையவிடவில்லை, மரத்தைக் குடைந்து மழைநீர் பிடித்தார்கள், சண்டை பிடித்தவர்களை ஆளுக்கொரு பக்கம் போய் ஆறி வரச் செய்தார்கள். ஒருவனின் கால் முறிந்தது, கட்டுப்போட்டுச் சரியாக்கினார்கள். 1863இல் ஆட்கள் அகற்றப்பட்ட பழைய ஊரின் வாழையும் கோழியும் சேம்பும் அவர்களுக்குக் கைகொடுத்தன. ஊர் திரும்பியதும் படகு திருடியதற்காகப் பிடித்து அடைத்தார்கள் என்பது தனி வேடிக்கை.

கூத்துக்கொட்டகை
களஞ்சியத் திறப்பு மேற்பார்வையாளரின்ரை இடுப்பிலை இருந்தது. அவரோடை கடலுக்கை போச்சு. என்ன செய்வாங்கள்?

வாடைக்காற்று
ஆமைப்பூட்டை அடிச்சு உடைக்கிற காட்சி மட்டும் வேண்டாம். பூட்டு உடையாது, கைதான் உடையும். நாதாங்கிக்குள்ளை அலவாங்கை விட்டு நெம்பினால் ஆணியோடை கழண்டு வரும். பழைய கதவெண்டால் பிணைச்சலைக் கழட்டினால் காணும். ஆனால் நாதாங்கி பிடுங்கின கதவைத் திரும்பப் பூட்டேலாது எண்டதை ஞாபகம் வைச்சிருங்கோ. இதுக்குப் பிறகு இரவிலை ஆரோ ஒருத்தன் வாசலிலை படுக்கவேணும்.

பனங்கூடல்
ஒருத்தனை விடாதேங்கோ, இரண்டு பேர், அதுவும் ஒரே கூட்டாளியளாய் இருக்கப்படாது. அளவுக்கு ஒரே பேணி. சுவரிலை கரிக்கோடு: மூடை எத்தினை, இண்டைக்கு எத்தினை பேணி. வாசிக்கத் தெரியாதவனும் கோட்டை எண்ணுவான். அளந்து போடுறவன் தன்ரை பங்கைக் கடைசியாய் எடுக்கவேணும், அப்பதான் அகப்பை நேராய் இறங்கும்.

பறிக்கூடு
எனக்கு ஒரு சந்தேகம், கொட்டகை. நெடுந்தீவுக்குக் கிட்ட எண்டால் இரண்டு மூண்டு கிழமைக்குள்ளை ஒரு வள்ளமாவது அந்தப் பக்கம் போகும். அரசாங்கக் கந்தோரான கச்சேரியிலையும் 20 பேரை மறந்துபோகமாட்டினம். மாசக்கணக்காய் ஆரும் வரேல்லை எண்டால் கேக்கிறவை சிரிப்பினம்.

பழைய கச்சேரி
அந்தப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பன் ரயில் கடலுக்குள் போனது, மன்னார்ப் பக்கமும் அடிபட்டது. முதல் இரண்டு கிழமை எல்லாக் கண்களும் வேறிடத்தில் இருந்தன என்று எழுதலாம். அதற்கு மேல் நீட்டுவதென்றால் பொடியளே ஒளிக்கவேண்டும். பிடிபட்டால் வேறு பாடசாலைக்கு அனுப்புவார்கள் என்ற பயம் அவர்களுக்கு நியாயமாகவே இருக்கும். வள்ளம் தெரிந்ததும் பாதிப் பேர் நெருப்பை மூட்ட ஓடுவார்கள், மற்றப் பாதி அணைக்க ஓடும்.

துலாக்கால்
நெருப்பெண்டதும் சொல்லவேணும். கண்ணாடியாலை மூட்டிற காட்சி போட்டால் அது வெள்ளெழுத்துக் கண்ணாடியாய் இருக்கவேணும். கிட்டப்பார்வைக் கண்ணாடி வெளிச்சத்தை விரிக்கும், குவிக்காது. வெள்ளெழுத்துக் கண்ணாடியிலும் ஒரு வில்லை காணாது, இரண்டையும் ஒண்டுக்கு மேலை ஒண்டு பிடிச்சு, மத்தியான வெய்யிலிலை, கரிஞ்ச துணிக்கு. நெருப்புப் பெட்டி இருக்குமட்டும் உதொண்டும் தேவையில்லை. தணலைப் பானையிலை சாம்பல் மூடி வைச்சு, பொச்சுமட்டையைச் சொருகினால் விடியுமட்டும் நிற்கும். பகலிலை சைகைக்குப் பச்சை ஓலைப் புகை, இரவிலை காவோலைச் சுவாலை.

கூத்துக்கொட்டகை
ஒளிக்கிற கதை நல்லாய் வரும்போலை கிடக்கு. அதோடை ஒரு கோஷ்டி தெப்பம் கட்டி வெளிக்கிடவேணும். பனங்குற்றியிலை கட்டலாமோ?

பறிக்கூடு
பச்சைப் பனங்குற்றி தண்ணிக்குள்ளை தாழும், ஆள் ஏற இடம் தராது. வெறும் எண்ணெய்ப் பீப்பாய் தேடுங்கோ. 200 லீற்றர்ப் பீப்பாய் ஒண்டு தன்ரை பாரம் போக 180 கிலோ மட்டிலை தாங்கும். நாலு பீப்பாய் எண்டால் 720, அதிலை பாதிக்கு மேலை ஏத்தப்படாது, அலை அடிக்கேக்கை பிரளும். பலகையும் கயிறும் போக நாலு பொடியள், தண்ணித் தகரம் ஒண்டு. கயிறு தும்புக்கயிறு எண்டால் நனைஞ்சு காயேக்கை தளரும், ஒவ்வொரு விடியவும் முடிச்சை இறுக்கவேணும். பீப்பாயின்ரை மூடி மேல்பக்கம் பார்க்கக் கட்டி, துணி சுத்தித் தாரோ மெழுகோ பூசவேணும். அதிலை ஊறினால் ஒரு மூலை தாழ்ந்து, தெப்பம் வட்டமடிக்கத் தொடங்கும்.

தை, மாசியிலை வடகிழக்கிலையிருந்து வாடைக்காத்து. தெப்பத்துக்குத் துடுப்பு எவ்வளவு போட்டாலும் காத்துத் தென்மேற்குப் பக்கமாய்த்தான் தள்ளும், அதாவது யாழ்ப்பாணம் முதுகுப் பக்கம். கச்சதீவிலை ஒதுங்கினால் அதிர்ஷ்டம், அங்கை அந்தோனியார் கோயில் இருக்கு, குடிதண்ணி இல்லை. கோயில் திருநாள் மாசி, பங்குனியிலை வரும், அப்ப இரண்டு கரையிலையிருந்தும் சனம் வரும். தெப்பம் எந்தக் கிழமை வெளிக்கிடுது எண்டதை அதை வைச்சு முடிவெடுங்கோ.